அக்காவின் ஏழாவது யாத்திரை

ஐஸ்லாந்தில் ஆனி மாதம் பொழுதுபடுவதில்லை. விளக்கேற்றும் நேரம் எது என்று எனக்கும் மனைவிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம் வரும். கடைசியில் அவள் மணிக்கூட்டைப் பார்த்து ஆறு மணிக்கு ஏற்றுவாள். சாமிப் படத்துக்குப் பின்னாலுள்ள ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருக்கும். திரி எரிகிறதா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளாக இங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் நிற்கிறேன். களுவாஞ்சிக்குடியில் வாவி மீன் தின்று வளர்ந்தவனுக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த வேலை. இந்த நாடு எனக்குச் சோறு போட்டது. என் மகளுக்கு உயிர் கொடுத்தது. குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

மகள் மாதம் நிறையாமல் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கையளவு கிடந்தாள். ஊரிலிருந்த அக்காவுக்குப் போன் எடுத்து அழுதேன். அக்கா அழவில்லை. அங்கேயே நின்று நேர்த்தி வைத்தாள்: பிள்ளை பிழைத்தால் ஏழு முறை கதிர்காமத்து முருகனிடம் கால்நடையாகப் போவதென்று. இங்குள்ள தாதிமார் இரவு பகலாகப் பார்த்தார்கள், அங்கே அக்கா நடந்தாள். யாரால் பிழைத்தாள் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை, இரண்டு பக்கமும் கும்பிடுகிறேன். வள்ளி என்று பெயர் வைத்ததும் அக்காதான். பொத்துவில் கடந்து, காட்டுக்குள்ளால், செருப்பில்லாமல் ஆறு முறை நடந்துவிட்டாள். இந்த ஆண்டு ஏழாவது.

ஆனால் அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பெருவிரலில் வந்த புண் ஆறவில்லை. நடந்தால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவளோ யாத்திரைக்காகக் காட்டுப் பாதை திறக்கும் வெள்ளிக்கிழமைக்குப் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"நான் இஞ்ச நடக்கிறன் அக்கா. உங்களுக்குப் பதிலா," என்றேன்.

"அங்க மலை இருக்கா?"

"இருக்கு. தனிய ஒரு பனிமலை."

"மலையெண்டா முருகையா இருப்பார்தான். போய்க் கும்பிட்டுட்டுச் சொல்லு. எனக்கு மனசு ஆறல்லெண்டா வெள்ளிக்கிழம நான் வெளிக்கிடுவன்."

தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு கேட்டேன். பஸ் விடும் கடைசி ஊரிலிருந்து அந்த மலைக்கு நாலு நாள் நடை. முன்பு அக்கா அனுப்பிய முருகனின் சிறிய பித்தளை வேல் ஒன்றை ஒரு தடி நுனியில் கட்டி, மஞ்சள் துணி சுற்றி எடுத்துக்கொண்டேன்.

அந்த வெளியைப் பற்றி என்ன சொல்வது? மண் கறுப்பு. மரம் ஒன்றுகூட இல்லை. எரிமலை கக்கிய கல்லெல்லாம் உறைந்து கிடக்க, பாசி மூடியிருக்கிறது. சில இடங்களில் நிலம் பிளந்து புகை விடுகிறது. ஓடை நீர் கொதிக்கிறது. வேறொரு கிரகத்தில் இறக்கிவிட்டது போலிருந்தது. கதிர்காமக் காட்டிலே யானைக்குப் பயம், கரடிக்குப் பயம். பத்தடிக்கு ஒருவர் "அரோகரா" சொல்வார், பின்னால் வருபவர் "சாமி" என்று கூப்பிடுவார். இங்கே நான் அரோகரா சொன்னால் ஒரு செம்மறி தலையை நிமிர்த்திப் பார்க்கும். பயப்படக்கூட ஆளில்லாத இடத்தில் வரும் பயம் எனக்குப் புதிது.

முதல் நாளே சப்பாத்தைக் கழற்றினேன். பத்தடி போகவில்லை, உள்ளங்கால் கிழிந்துவிட்டது. வெட்கத்தோடு அக்காவிடம் சொன்னேன்.

"சப்பாத்தப் போடு தம்பி. காலப் புண்ணாக்கினா முருகன் என்ன செய்யிற?"

"அப்ப உங்கட காலுக்கும் அந்தக் கதைதானே?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள், வியாழக்கிழமை. மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு. அதன் சொந்தக்காரி குட்ரூன் என்ற அறுபது வயதுப் பெண் வாசலில் நின்று என் தடியையே பார்த்தாள்.

"ஆற்றில் ஈட்டியால் மீன் குத்தக்கூடாது. அனுமதி இருக்கிறதா?"

"இது மீனுக்கு இல்லை. சாமிக்கு," என்றேன், எனக்குத் தெரிந்த ஐஸ்லாந்து மொழியில்.

"சாமியையா குத்தப் போகிறீர்கள்?"

விளக்கி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் உள்ளே கூப்பிட்டாள். ஆட்டிறைச்சி வைத்தாள், விரதமென்று சொல்லத் தெரியாமல் வேண்டாமென்றேன். வயிறு சரியில்லை என்று நினைத்து ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டுத் தந்தாள். யாத்திரைக் காலத்தில் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டுச் சாமிமாருக்கு ஊற்றும் கஞ்சிதான் நினைவில் வந்தது. கும்பிட்டுவிட்டுக் குடித்தேன்.

பிறகு வெளியே கூட்டிப்போய்க் கையை நீட்டினாள். அங்கே மலை இல்லை. அடியிலிருந்து ஆகாயம் வரை முகில்.

"இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள். இன்றைக்கு அது தெரியாது," என்று தானே ஒளித்துவைத்தவள் போல வருத்தப்பட்டாள்.

விடிந்தால் வெள்ளி. காணவில்லை என்றால் அக்கா பையைத் தூக்கிவிடுவாள். காணாததைக் கண்டேன் என்று நேர்த்தியில் பொய் சொல்லவும் முடியாது. வேல் கட்டிய தடியை நிலத்தில் ஊன்றி, அந்த வெள்ளைக்கு முன்னால் சும்மா நின்றேன். நிற்க நிற்கத்தான் நினைவு வந்தது.

எனக்குப் பதினான்கு வயதில் அக்கா என்னைக் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போனாள். மாணிக்க கங்கையில் முழுகி, நெரிசலில் இடிபட்டுப் போய் நின்றால் முன்னால் ஒரு திரை. திரையில் முருகன் படம். பின்னால் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"எப்பக்கா திறப்பாங்க?"

"திறக்க மாட்டாங்க மனே. பாத்துட்டா மறுகா அடுத்த வருசம் என்னத்துக்கு வாற?"

குட்ரூன் வீட்டு வாசலிலிருந்தே போன் எடுத்தேன்.

"கண்டியா?" முதல் கேள்வியே அதுதான்.

"காணல்லக்கா. மலைக்கு முன்னால முகில். அடியிலிருந்து உச்சி மட்டும் மூடிக் கிடக்கு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"திரையா?"

"ஓம் அக்கா. திரைதான்."

அக்கா அழுதாள். கண்ணாடிப் பெட்டியின் நாட்களில் அழாதவள் அப்போது அழுதாள். "அப்ப ஐயா அங்கதான் நிக்கிறார் தம்பி. நேர்த்தி முடிஞ்சிது. நான் செருப்பப் போடுறன், பையையும் அவிழ்க்கிறன்." நானும் அழுதேன். குட்ரூன், மலை தெரியாத துக்கம் என்று எண்ணி, என் தோளைத் தட்டி, நாளைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும் என்றாள்.

மறுநாள் காலை அவளே தன் ஜீப்பில் என்னை பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் சடாரென்று பிரேக் போட்டாள். "பாருங்கள்! பின்னால் பாருங்கள்!"

இறங்கித் திரும்பினேன். முகில் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. எனக்காக அந்த மலையைத் தானே வரவழைத்தவள் போல அவள் முகமெல்லாம் சிரிப்பு. பார்க்காவிட்டால் கஞ்சி ஊற்றியவளின் மனம் நோகும். பார்த்துவிட்டால் அக்காவிடம் என்ன சொல்வேன்?

கை கூப்பினேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டேன், மற்றதால் பார்த்தேன்.