சொன்ன பேச்சைத் தட்டாத பொண்ணு

என்னை ஒழித்துக்கட்ட நினைத்த யாராலும் முடியாததை, எனக்கு நல்லது செய்ய நினைத்த ஒரு மனிதர் ஒரே ஒரு போனில் செய்து முடித்தார். வெளிநாட்டிலிருந்து என்னைப் பற்றி விசாரித்தவர்களிடம், "ரொம்ப அடக்கமான பொண்ணு, சொன்ன பேச்சைத் தட்டவே தட்டாது" என்று சொல்லிவிட்டார். கேட்டது என்ன மாப்பிள்ளை வீட்டாரா? பொறியாளர்களைப் பதிவு செய்யும் வாரியம்! அந்த ஒரு வாக்கியத்தோடு என் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எந்த நாடு என்று சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள ஆசையில்லை. ஒரு துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுகளை வடிவமைக்கும் வேலை. நம் ஊரில் பி.இ. முடித்த மறுநாளே வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அங்கே அது நடக்காது. வாரியம் சோதித்துப் பதிவு செய்யும்வரை நான் வெறும் ஆள். நான் போட்ட வரைபடத்தில் என்னைவிடச் சின்னப் பயல் ஒருவன் கையெழுத்துப் போடுவான். போடுவதற்கு முன்னால், "எல்லாம் சரியாகப் பார்த்தாயா?" என்று வேறு கேட்பான். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். கடைசியில் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: பதிவு வாங்கு, இல்லையென்றால் வேலை நீட்டிப்பு கிடையாது. வேலை போனால் விசா போகும். விசா போனால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

வாரியம் கேட்ட கேள்விகளில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மேலதிகாரி சொன்னது தவறு என்பதற்காக நீங்கள் செய்ய மறுத்த ஒரு சந்தர்ப்பத்தை எழுதுங்கள், அந்த அதிகாரியின் போன் நம்பரையும் கொடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றது. நம் ஊர் இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வருமா? வந்தால், ஆளை வெளியே தள்ளுவதற்குத்தான் வரும். அங்கே அதைத் தேடுகிறார்கள். வேண்டாம், முடியாது என்று ஒருமுறைகூடச் சொல்லத் தெரியாதவளிடம் கையெழுத்து அதிகாரம் தரமாட்டார்களாம்.

என்னிடம் அப்படி ஒரு சந்தர்ப்பம் இருந்தது. நெய்வேலியில் நடந்தது.

அப்பா அங்கே சுரங்கத்தில் பர்மனென்ட். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆனால் எனக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் வேலைதான். லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன ஒப்பந்தக் கம்பெனி. இன்று அந்தக் கம்பெனியே இல்லை. மழைக்காலத்தில் ஈர லிக்னைட் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கரி விழுகிற பெரிய தகரக் குழாயை சூட் என்போம். அது அடைத்துக்கொண்டால் பெல்ட்டை நிறுத்திவிட்டு ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டவேண்டும். இறங்குகிறவர் முதலில் பெர்மிட் வாங்குவார். வேலை முடிந்ததும் வாங்கினவரே நேரில் வந்து அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவர் முகத்தைப் பார்க்காமல் பெல்ட்டை ஓட்டக்கூடாது. விதி அதுதான், அதில் குழப்பமே இல்லை. எங்கள் கம்பெனிக்காரர்களுக்குத்தான் தனியாக ஒரு வழக்கம். அவசரமென்றால் பக்கத்தில் நிற்கும் எவராவது அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிடுவார்கள். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், மாமன் மச்சான்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு மழை நாளில், பெல்ட்டை ஓட்டும் பொறுப்பு என்னிடம் இருந்த ஷிப்டில், பெர்மிட் வாங்கிய ஆளைக் காணோம். சூட்டுக்குள் குரல் கொடுத்தால் பதில் இல்லை. எங்கள் சைட் இன்சார்ஜ் போனில் கத்துகிறார்: "பங்க்கர் காலியாவுது, நீயே ஒரு கையெழுத்தப் போட்டு ஓட்டும்மா!" பாய்லருக்குக் கரி போகும் தொட்டிதான் பங்க்கர். மாட்டேன் என்றேன். அவர் நேரில் வந்து கத்தினார். ஆள் வராமல் ஓட்டமாட்டேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னை முறைத்தார்கள். உள்ளே இறங்கிப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, காணாமல் போனவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

அவர் சூட்டுக்குள் கிடந்திருந்தால் என்னைக் கும்பிட்டிருப்பார்கள். டீ குடித்துக்கொண்டிருந்ததால் நான் திமிர் பிடித்தவள் ஆனேன். 'டீ மேடம்' என்று பெயர் வைத்தார்கள். வேலையை விடும்வரை அந்தப் பெயர் போகவில்லை, நாசமாய்ப் போனவர்கள். ஆளைக் காணாமல் பெல்ட் நின்றது என்று எழுதினால் கம்பெனிக்கு அபராதம் என்பதால், பெல்ட் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, சரிசெய்தோம் என்று இன்சார்ஜ் ரிப்போர்ட் எழுதி மூடிவிட்டார்.

இதைத்தான் வாரியத்துக்கு எழுதினேன். அந்த இன்சார்ஜின் நம்பரையே கொடுத்தேன். வேறு யாரைக் கொடுப்பது? அவர்தானே எனக்கு மேலதிகாரி. வாரியம் அவரோடு பேசிவிட்டு எனக்கு மெயில் அனுப்பியது. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, நீங்கள் எதையும் மறுத்துப் பேசாதவர் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். உங்களில் ஒருவர் சொல்வது உண்மையல்ல. அவர் திருத்திச் சொல்ல விரும்பினால் எங்களை அழைக்கலாம். இல்லாவிட்டால் பொய்த் தகவல் என்று விண்ணப்பத்தை முடித்துவிடுவோம்.

அட கருமமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்குப் போன் செய்தால், "பிரமாதமா சொல்லிட்டேன், கவலையே படாத!" என்று வைத்துவிடுகிறார். வேறு வழியில்லாமல் லீவு போட்டு விமானம் ஏறினேன்.

அவர் இப்போது வேறொரு கான்ட்ராக்டில் அதே பெல்ட் வேலை பார்க்கிறார். கடைசிவரை பர்மனென்ட் ஆகவில்லை. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. வாசலில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா வா! என்னா, வேலை பர்மனென்ட் ஆயிடுச்சா?"

"என்ன சார் சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நல்லதுதான் சொன்னேன். இந்தப் பொண்ணு பெல்ட்ட நிறுத்துச்சாமே, உங்க பேச்ச மீறுச்சாமேன்னு அந்தாளு நோண்டிக்கினே இருந்தான். எவனோ உம்மேல மொட்டைக் கடுதாசி போட்டுட்டான்னு எனக்குப் புரிஞ்சிபோச்சு. உடுவனா? அதெல்லாம் பொய்யி, அது தங்கமான பொண்ணுன்னு அடிச்சி சொல்லிட்டேன்."

"அதை எழுதினதே நான்தான் சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உனக்கென்னா பைத்தியமா? உன்னப் பத்தி நீயே போட்டுக் குடுத்துக்கினியா?"

உட்கார்ந்து விளக்கினேன். தவறான உத்தரவை மறுக்கத் தெரியுமா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள், நீங்கள் உண்மையைச் சொன்னால்தான் எனக்குப் பதிவு கிடைக்கும் என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. "மேல இருக்கறவன் பேச்சக் கேக்காதவளுக்கு எவன் வேலை குடுப்பான்? எனக்கே காது குத்தறியா? நான் நெசத்தச் சொன்னா அடுத்த பிளேன்ல ஏத்தி அனுப்பிடுவான். உங்கப்பா மூஞ்சிக்காகத்தான் பொய் சொன்னேன்."

"பரவால்ல சார், நெசத்தையே சொல்லுங்க."

"எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல. அப்பிடி ஒன்னு நடக்கவே இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவி காபி கொண்டுவந்தவர், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "ஏங்க, ஒரு பொட்டச்சி எம்பெல்ட்ட நிறுத்திட்டா, ஊரே சிரிக்குதுன்னு வூட்டுக்கு வந்து சோத்துத் தட்ட எடுத்து எறிஞ்சீங்களே. அந்தப் பொண்ணா இது?"

"நீ உள்ள போடி!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "அன்னைக்குப் பொய் ரிப்போர்ட், இன்னைக்குப் பொய் சாட்சி. ஒரு ஆளோட உயிரைவிட உங்களுக்குப் பங்க்கர் பெருசு சார்!"

"எவன் உயிரு? டீ குடிச்சிக்கினு இருந்தான் அந்தப் பரதேசி!"

"அது அவன் வந்தப்புறம்தானே தெரியும்? ஓட்டுன்னு சொன்னப்போ உங்களுக்குத் தெரியுமா, அவன் உள்ள இல்லன்னு? சொல்லுங்க சார், தெரியுமா?"

அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "திமிரு! அன்னிக்கும் இதே திமிருதான். இரு, உன் திமிர அவங்கிட்டயே சொல்றேன். உன்ன அங்கேர்ந்து தொரத்தல, நான் மீச வெச்ச ஆம்பள இல்ல!" என்று போனை எடுத்தார்.

அவர் பேசும்போது நான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது வாரியத்தின் விதி. கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய் நின்றேன். போய் என்ன புண்ணியம்? வாழ்நாள் முழுக்கப் பெல்ட் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல், தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆர்டருக்கு மரியாதை கிடையாது என்றார். என் பெல்ட்டை நிறுத்தினாள் என்றார். ஆள் வரட்டும், ஆள் வரட்டும் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டு நின்றாள், பெண்பிள்ளையை ஷிப்டில் போட்டதே தப்பு, இனி என் சைட்டில் இவள் நிழல்கூடப் படக்கூடாது என்றெல்லாம் பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் முழங்கினார். என்னைப் பிழைக்க வைக்கப்போவது அந்த வசவுகள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது. ஒவ்வொன்றையும் மனசாரச் சொன்னார்.

முடித்துவிட்டு வாசலுக்கு வந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். போ, போய்ப் பொட்டி கட்டு."

அவர் திட்டியதையே சாட்சியாக வாரியம் ஏற்றுக்கொண்டது. நான் திரும்பிப் போன கொஞ்ச நாளில் பதிவும் வந்தது. அந்தச் சின்னப் பயல் கைகொடுத்தான். இனி அவன் கையெழுத்து எனக்கு வேண்டாம்.

செய்தி வந்ததும் இன்சார்ஜுக்குப் போன் செய்தேன். நல்ல மனசு என்று நினைத்துவிடவேண்டாம். குத்திக்காட்டத்தான் கூப்பிட்டேன்.

"சார், பதிவு கிடைச்சிடுச்சு. நீங்க திட்டினதாலதான் கிடைச்சுது."

அவர் கேட்டார்: "அப்போ நீ நிறுத்துனது கரெக்டுங்கறானா?"

"ஆமா சார்."

"ஆளு உள்ள இல்லாட்டியும்?"

"இல்லாட்டியும்."

"அப்போ நான் ஓட்டினது?"

"எப்போ சார்?"

"எப்பவும்தான். நீ வர்றதுக்கு முன்னாடி, நீ போனப்புறம். பதில் கையெழுத்து வாங்கிக்கினு ஓட்டினதெல்லாம்?"

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. "அப்பல்லாம் உள்ள ஆளு இல்லாததால தப்பிச்சீங்க சார்" என்றேன்.

"என்னைய எவனும் இப்பிடி ஒரு கேள்வி கேட்டதில்லம்மா" என்றார். திட்டுகிற குரலிலேயே சொன்னார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது மனைவி.

"என்னாம்மா சொன்ன அவருகிட்ட? நேத்திலேர்ந்து சோறு எறங்கல. வேலைக்கும் போவல. சூட்டுல எறங்குனவங்க ஒவ்வொருத்தர் பேரா சொல்லிக்கினு, அவன் வந்துட்டானா, இவன் வந்துட்டானான்னு எங்கிட்ட கேட்டுக்கினே இருக்காரு. நான் என்னாத்தக் கண்டேன்? நீ அங்க வேலை பாத்தவதானே, சொல்லும்மா. எல்லாரும் வெளிய வந்துட்டாங்கதானே?"

"நான் இருந்த வரைக்கும் வந்தாங்க ஆன்ட்டி" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.