குருவம்மாள் உட்கார்ந்த கல்

தேவிகுளத்துக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் குருவம்மாளுக்கு 'உக்காந்தா' என்று பட்டப்பெயர். ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்க ஏறும்போது மற்ற பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே போய்விடுவார்கள். இவள் மட்டும் வழியில் மூன்று கல்லில் உட்காருவாள். வேலைக்கு வணங்காத உடம்பு என்றார் கங்காணி மிக்கேல். அவள் இருமுவதைக் கேட்டவர்கள் சயரோகம் என்று தள்ளி நின்றார்கள். பெயர் வைக்க எல்லாருக்கும் நேரம் இருந்தது, காரணம் கேட்கத்தான் ஒருவருக்கும் இல்லை.

அவளுக்கே காரணம் தெரியாது. படுத்தால் மூச்சு முட்டும் என்று அரிசி மூட்டையில் சாய்ந்தபடிதான் தூங்குவாள். நாம் சோம்பேறிதானோ என்று அவளே பாதி நம்பியிருந்தாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மழையில் அவளுடைய ஒரே மகள் சாந்தம்மாளுக்குத் தொண்டை வலித்தது. மூன்று நாள் அடித்த காய்ச்சல் தானே விட்டுவிட்டது. பத்து வயதுப் பிள்ளை, மறுபடி ஓடியாடினாள். இரண்டு வாரம் கழித்து வலது முழங்கால் வீங்கியது. அது வற்றும் முன்பே கணுக்கால் வீங்கியது, அப்புறம் முழங்கை. "வாயுப் பிடிப்பு, எண்ணெய் தேச்சு விடு" என்றாள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு இன்பமேரி.

குருவம்மாள் எடுத்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். மூட்டு விட்டு மூட்டுத் தாவும் இந்த வீக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள், தன் காலிலேயே. சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்தபோது, பதினோரு வயதில், இதே தொண்டை வலி, இதே காய்ச்சல், இதே வீக்கம். அதுவும் தானாகவே வற்றியது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வருஷம் பிழைப்புக்காக இந்த மலைக்கு வந்தபோதுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால் பிள்ளையின் உடம்பில் ஒரு வீக்கமும் இல்லை. வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"வத்திருச்சுல்லா. பெறகு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றான் புருஷன் பெரியமுத்து.

"எனக்குந்தான் வத்துச்சு. வத்துனதுக்குப் பெறகுதான் எல்லாமே ஆரம்பிச்சது."

அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குப் புரியவில்லை. சொன்னவளுக்கும் முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் பிள்ளையோடு கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரி இரண்டு மைல், நடுவில் ஒரு ஏற்றம். பிள்ளையை நடக்கவிட மனசு வராமல் முதுகில் வைத்துச் சேலையால் கட்டிக்கொண்டாள். எத்தனை இடத்தில் உட்கார்ந்தாள் என்பது ஒன்பதுக்கு மேல் கணக்குத் தப்பிவிட்டது.

"எறக்கி விடும்மா, நான் நடக்கேன்."

"பேசாம இரு."

இங்கேயே நான் விழுந்துவிட்டால் டாக்டரிடம் விஷயத்தை யார் சொல்வது? ஏற்றம் முழுவதும் அவள் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

கம்பவுண்டர் ஞானஜோதி பிள்ளையின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே, அடுத்த ஆளு வரலாம்" என்றார். குருவம்மாள் நகரவில்லை.

"நான் முட்டியக் காட்ட வரல ஐயா. நெஞ்சப் பாக்கச் சொல்லுங்க."

டாக்டர் சாம்பசிவன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"தொண்டையில வந்த கிருமியோட சண்டை போடப்போன உடம்பு, ஆள் தெரியாம மூட்டுகளையும் இருதயத்தையும் சேத்து அடிச்சுடறது. மூட்டு தானா சரியாயிடும். இருதயம் அப்படி இல்லே. அதுக்குள்ளே ரத்தம் ஒரே பக்கமாப் போறதுக்குக் குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. மழையில உங்க லயத்துக் கதவு உப்பிப்போனா என்ன ஆறது?"

"முழுசாத் தெறக்காது, முழுசாச் சாத்தவும் சாத்தாது."

"அதேதான். ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்கிடும். மேடு ஏறினா மூச்சு வாங்கும். இருமல் வரும். மல்லாந்து படுக்க முடியாது."

முன்பின் பார்த்திராத மனிதர் தன் உடம்பைப் பற்றி இப்படிப் புட்டுப்புட்டு வைப்பதைக் கேட்டு அவள் மிரண்டுபோனாள்.

"இவளுக்கு அந்தக் கதவுகிட்ட லேசா ஒரு சத்தம் கேக்கறது. இப்பத்தான் ஆரம்பம். ஊசி போடறேன். ஆறு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கப்படாது. அப்புறம் தினம் மாத்திரை, இருபது வயசு தாண்டற வரைக்கும், ஒரு நாள் தப்பப்படாது. இன்னொரு தடவை இந்தத் தொண்டைக் காய்ச்சல் வந்தா கதவு கெட்டே போயிடும்."

அப்புறம்தான் அவர் குருவம்மாளின் கறுத்த உதட்டைக் கவனித்தார். குழாயை அவள் நெஞ்சிலும் வைத்தார். "இத வெச்சுண்டா இவளைத் தூக்கிண்டு வந்தே?"

"எனக்கும் அந்த மாத்திர உண்டுமா ஐயா?"

"உனக்குக் கதவு கெட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. மூச்சு வாங்கறதுக்கு மருந்து தரேன். நீ சின்னவளா இருந்தப்போ இந்த மாத்திரை இந்தப் பக்கம் வந்திருக்காது."

"அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றாள். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆறு வாரமும் அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. வேலைக்கு நடுவே மனசு லயத்துக்கே ஓடும். பிள்ளை எழுந்து விளையாடப் போயிருப்பாளோ? மாத்திரையைத் துப்பியிருப்பாளோ? உக்காந்தா மகள் படுத்தா என்று தோட்டம் சிரித்தது. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மிக்கேல் அவளை மேடில்லாத நாற்றங்கால் வேலைக்கு மாற்றினார், பட்டப்பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஆறு வாரம் முடிந்து, தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரியில் இடம் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார், மறுபடியும் கேட்டார். "சத்தம் இல்லே. நடக்கலாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதே."

திரும்பும்போது லாரி கிடைக்கவில்லை, ஏழாம் நம்பர் மலைப் பாதை வழியாக நடந்தார்கள். ஏற்றத்தில் குருவம்மாள் வழக்கமாக உட்காரும் மூன்று கல்லில் முதல் கல்லில் உட்கார்ந்தாள். முன்னால் போன சாந்தம்மாள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குருவம்மாள் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏட்டி, நீ ஏன் உக்காந்த? மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. நீ தனியா உக்காந்திருக்கியேன்னு உக்காந்தேன்."

நம்ப முடியாமல் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். டாக்டருக்குக் கேட்பதெல்லாம் அவள் காதுக்குக் கேட்குமா? ஆனால் மூச்சு சீராக இருந்தது, அது தெரிந்தது.

"அப்ப எந்திரி. நீ இதுல உக்காரக் கூடாது. மேல போயி நில்லு, நான் வாரேன்."

சாந்தம்மாள் ஏறினாள். இரண்டாவது கல்லைத் தாண்டினாள். மூன்றாவதைத் தாண்டும்வரை குருவம்மாள் கண்ணை எடுக்கவில்லை.