ஸ்டெல்லாவின் சார்ட்டில் அழித்திருந்த நாட்கள்

முதல் வகுப்பு

மலேசியாவில், கிள்ளானில் அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தேன். வருகிற தமிழர்களுக்கெல்லாம் நான் 'மிஸ்ஸி'. ரெஜினா என்ற பெயர் சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையோடு சரி.

ஓய்வு பெற்ற மாதமே பங்கு ஃபாதர் கூப்பிட்டார். "மிஸ்ஸி, கல்யாண முன்தயாரிப்பு வகுப்புல இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்க ஆளில்ல. நான் பேசினா பொம்பளப் புள்ளைங்க தலையே நிமிர மாட்டேங்குது. நீங்க வாங்களேன்."

மாத்திரை, ஊசி, உறை, ஆபரேஷன் எதையும் எங்கள் திருச்சபை ஏற்பதில்லை. தகுந்த காரணம் இருந்தால், மனைவியின் உடம்பு காட்டும் அறிகுறிகளைக் கவனித்து, கருத்தரிக்கும் நாட்களில் இருவரும் விலகி இருக்கலாம். கிளினிக்கில் மாத்திரை கொடுப்பது என் வேலை. வீட்டில் நான் கடைப்பிடித்தது இந்த முறை. எங்களுக்கு இரண்டே பிள்ளைகள். என் வீட்டுக்காரர் பொறுமைசாலி. அதை நான் முறையின் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்புக்கு நான்கு ஜோடிகள் வந்தார்கள். கருத்தரிக்கும் நாட்களில் வரும் திரவத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே ஒரு பையன் சிரித்துவிட்டான். பெண்கள் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கும் சங்கடம். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க லா," என்றேன். எல்லோர் முகத்திலும் நிம்மதி. அடுத்த வகுப்பிலும் அப்படியே செய்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வகுப்புக்கான கையேட்டில் கணவனின் சம்மதத்தைப் பற்றி முழுதாக இரண்டு பக்கம் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் வெளியே நின்றதால் அந்தப் பக்கங்களை நான் நடத்தியதே இல்லை.

பென்சில்

ஸ்டெல்லா கல்யாண வகுப்புக்கு வந்தவள் அல்ல. மூன்று பிள்ளைகளின் தாய். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைத் தேடி வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவன் சேவியர் லோரி ஓட்டுகிறவன். ஜோகூர், பினாங்கு என்று போனால் வீடு திரும்பப் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும்.

"மூணாவது பிரசவத்துல பிரஷர் ஏறி வலிப்பு வந்திருச்சு மிஸ்ஸி. இன்னொரு பிள்ளை உண்டானா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷன் பண்ணிக் கருக்குழாயைக் கட்டிக்கச் சொன்னாரு. சாமிக்கு ஆகாததுன்னு நான் மாட்டேன்னுட்டேன். நீங்க சொல்லிக் கொடுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு விசுவாசம்! அவளுக்குச் சார்ட்டும் ஸ்டிக்கரும் கொடுத்தேன். பச்சை ஒட்டிய நாளில் சேரலாம். வெள்ளை ஒட்டிய நாளில் பொறுத்திருக்க வேண்டும். சேர்ந்த நாளில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் சார்ட்டைக் காட்டும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மிஸ்ஸி, அவரு வர்றதே என்னைக்கோ ஒரு நாளு. வர்ற அன்னைக்குப் பச்சையா வெள்ளையான்னு பார்க்க மாட்டாரு."

"எடுத்துச் சொல்லிப் புரிய வைம்மா. ஜெபம் பண்ணு," என்றேன்.

அவள் லேசாகச் சிரித்துவிட்டுச் சார்ட்டை மடித்து வைத்துக்கொண்டாள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்த மாதச் சார்ட்டில் வெள்ளை நாள் இரண்டில் காகிதம் நைந்திருந்தது. பென்சிலால் போட்ட குறியை ரப்பரால் அழித்திருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்தால் பெருக்கல் குறியின் தடம் தெரிந்தது. நான் பார்த்தேன். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் போகுமா? ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"பென்சில்ல எழுதாத, பேனாவால எழுதுன்னு எத்தனை தடவை சொல்றது ஸ்டெல்லா? பாரு, எவ்வளவு அசிங்கமா இருக்கு!"

"சரி மிஸ்ஸி," என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

வார்டு

ஆறேழு மாதம் கழித்து ஃபாதரின் போன். ஸ்டெல்லாவுக்கு மறுபடியும் வலிப்பு. ஆறாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். ஃபாதருடன் நானும் போனேன். என் உள்ளங்கை அளவுகூட இல்லாத நெஞ்சு, குழாய்களுக்கு நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஃபாதர் நெற்றியில் ஒரு துளித் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். மரியா என்று பெயர். இரண்டு நாள் இருந்தாள்.

காரிடாரில் சேவியர் என்னைப் பிடித்துக்கொண்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மிஸ்ஸி, டாக்டர் அவகிட்ட சொன்னாரு. நீங்க அவகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட யாரு சொன்னா? அவ சொன்னா, இல்லன்னு சொல்லல. சும்மா பயமுறுத்துறான்னு நெனச்சிட்டேன். நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."



ஸ்டெல்லா பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கை சரியாக எழும்பவில்லை. நான் பார்க்கப் போனபோது அவளுடைய மாமியார் கட்டிலோரம் நின்றிருந்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"மன்னிச்சிருங்க மிஸ்ஸி. நீங்க ஒழுங்காத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. நான்தான் சார்ட்டைத் தப்பா எழுதிட்டேன்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "பரவாயில்லம்மா, ரெஸ்ட் எடு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

திரும்பும் வழியில் காரில் ஃபாதரிடம் அழித்த குறிகளைப் பற்றிச் சொன்னேன்.  அவர் ஓட்டிக்கொண்டே, "கேக்காத புருசன் முன்னாடி அவளத் தனியா நிறுத்துன்னு திருச்சபை எங்கயும் சொல்லல மிஸ்ஸி. பொண்டாட்டி மனசைப் பார்க்காம சேர்றதே தப்புன்னுதான் சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சேவியரக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன்," என்றார்.

அடுத்த வகுப்பிலிருந்து முறையை மாற்றினேன். இருவரும் உட்கார்ந்தால்தான் வகுப்பு. பெண் கவனிக்க வேண்டும், ஆண் தன் கையால் சார்ட்டில் எழுத வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்ன பெண்கள் வந்தால் கணவனையும் அழைத்துக்கொண்டு நானே டாக்டரிடம் போகிறேன். அவர்களுக்குள் நடப்பதை அங்கே மறைக்காமல் பேசுகிறோம். இளம் ஜோடிகள் இப்போது போனிலேயே குறித்துக்கொள்கிறார்கள். வகுப்பு முன்னைவிட நன்றாக நடக்கிறது என்கிறார்கள். பாராட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது.

ரவாங்

மூன்று வருடம் கழித்துத்தான் ஸ்டெல்லாவைப் பார்க்கத் துணிந்தேன். ரவாங்கில் ஒரு தாமான் குடியிருப்புக்கு மாறியிருந்தார்கள். கொமுட்டர் ரயிலில் போய் இறங்கினேன். ஸ்டேஷனுக்குச் சேவியர் வந்திருந்தான். லோரியை விட்டுவிட்டானாம், இப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மாலையானால் வீட்டில் இருக்கிறான்.

ஸ்டெல்லா இடது கையால் கோப்பி கலக்கி வைத்தாள். நான் அதைத் தொடாமலேயே பேசினேன்.

"நீ தப்பா எழுதல ஸ்டெல்லா. அழிச்ச எடத்தை நான் பார்த்தேன். என்ன நடந்திருக்கும்னும் தெரிஞ்சிச்சு. கேட்டா நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம உன்னைத் திட்டிட்டேன். தப்பு என்னோடது."

 அவள் கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"இத அன்னைக்கு வார்டுலயே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி? என் மாமியார் பக்கத்துலதான நின்னாங்க. ஒரு சார்ட்டக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாம பிள்ளையக் கொன்னுட்டான்னு மூணு வருசமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போன மாசம்தான் செத்துப்போனாங்க."

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், அன்றைக்கே, அங்கே நிற்கிற எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது கேட்க வேண்டியவர் இல்லை.