உப்பு ஏறாத தொட்டி

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன். ஆசிரியர் அறையில் யாராவது ஆவி, பேய் என்று ஆரம்பித்தால் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, நானும் சிரித்திருப்பேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் காந்திமதிக்கு, வீட்டில் மதி, பிறந்ததிலிருந்தே சிறுநீரகம் பலவீனம். நாலாம் வகுப்பு படிக்கிறாள். உப்பு கூடினால் ஆபத்து என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஊறுகாயும் அப்பளமும் வந்ததில்லை. ஓடியாடி விளையாட முடியாத பிள்ளைக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்றுதான் வண்ணார்பேட்டை வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்தோம். வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள், சின்னச் சின்ன நீல மீன்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள்.

பொட்டலத்தில் வருகிற உப்பைக் கரைத்தும் தொட்டியை நிரப்பலாம். என் கணவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதம் ஒருமுறை காரில் கேன்களைப் போட்டுக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் போய், ஆளில்லாத கரையாகப் பார்த்து அள்ளி வருவார். ஆடி அமாவாசைக்கு மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுப்பது எப்போதும் தாமிரபரணியில்தான். போன வருஷம் மட்டும், தண்ணீர் எடுக்கிற வேலையும் சேர்ந்து முடியட்டுமே என்று கடலுக்குப் போனார். கொடுத்த கையோடு கேன்களையும் நிரப்பிக்கொண்டு வந்தார்.

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிய சில நாட்களில் முதல் கோமாளி மீன் செத்தது. பிறகு அதன் ஜோடி. பிறகு நீல மீன்கள், ஒன்றன்பின் ஒன்றாக. உடம்பில் புள்ளி இல்லை, துடுப்பில் கிழிசல் இல்லை, அம்மோனியா சோதித்தேன், சரியாக இருந்தது. மதி அழவே இல்லை. ஒவ்வொன்றையும் வலையில் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அதுதான் என்னவோ போலிருந்தது.

மீன் வாங்கின கடைக்காரரிடம் கேட்டேன்.

“சீக்குன்னா மேல தெரிஞ்சிரும் டீச்சர். இது தண்ணிக் கோளாறு. உப்பு எவ்வளவு நிக்கின்னு பாத்தீயளா?”

பார்த்தேன். உப்பு பாதியளவுக்கு இறங்கியிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தொட்டியில் நீர் ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் மட்டம் குறைந்தால் உப்பு ஏறும், நல்ல தண்ணீர் விட்டு அதைச் சரிக்கட்ட வேண்டும். தினமும் காலையில் கண்ணாடியில் போட்ட கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் விடுவது என் வேலை. எங்கள் தொட்டியில் மட்டமும் குறைந்தது, உப்பும் குறைந்தது. அப்படியென்றால் போனது ஆவி இல்லை. உப்புத் தண்ணீரை யாரோ அப்படியே வெளியே எடுக்கிறார்கள், அது தெரியாமல் அந்த இடத்தை நான் நல்ல தண்ணீரால் நிரப்பி மீன்களைக் கொன்றிருக்கிறேன். கசிவோ என்று தொட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன். தாள் நனையவே இல்லை.

ஒரு சனிக்கிழமை, எனக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மதிக்கு லீவு. மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தால் மதி முக்காலியில் ஏறி நின்று தொட்டியில் டம்ளரை முக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. கடல் தண்ணீர். என் பிள்ளைக்கு அது விஷம்.

“ஏட்டி, என்ன செய்யுத? குடிச்சியா?”

“நான் குடிக்கல. இவளுக்குக் கோரிக் குடுக்கேன்.”

“எவளுக்கு?”

“இவளுக்குத்தான். தாகமா இருக்காம். அவ அப்பா ஊத்துனத நாம எடுத்துட்டு வந்துட்டோமாம்.”

சொல்லிக்கொண்டே டம்ளரைச் சரித்தாள். ஏந்திய கையில் ஊற்றுவது போலப் பைய, ஒரே இடத்தில். டம்ளர் விளிம்பிலிருந்து தண்ணீர் இறங்குவதை நான் பார்த்தேன். தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. மண்டி போட்டு மொசைக்கை உள்ளங்கையால் தடவினேன். உலர்ந்து கிடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

உள்ளறையில் இருந்த என் கணவரைக் கூப்பிட்டு, பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “உப்பு சரியாத்தான் இருக்கு. அந்தத் தண்ணியக் குடிச்சிருந்தா இந்தப் பிள்ளை இப்படி உக்காந்து என்கிட்ட பிஸ்கட்டு கேக்காது மேடம்.”

வராந்தாவில் வைத்து என் கணவரிடம் மதி சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அன்னைக்குப் பக்கத்துல ஒருத்தரு நின்னாரு. சின்னப் பிள்ளையாம், செத்துப்போன அவரு மக. எள்ளுந் தண்ணியுமா இறைச்சிட்டு அழுதுட்டே நின்னாரு. கூட்டத்துல வேற எடமில்ல, அங்கனயே கேன முக்கிட்டேன். தண்ணிதானேன்னு இருந்துட்டேன்.”

“இத மதிகிட்ட சொன்னீங்களா?”

“கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. ஒங்கிட்டயே இப்பதான சொல்லுதேன்.”

மறுநாள் மிஞ்சிய மீன்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டு விடாமல் கேன்களில் பிடித்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் ஊற்றினோம். வேதியியல் டீச்சர் கடலைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி இப்போது வீட்டில் இல்லை. மதியின் பரிசோதனை முடிவுகளும் நன்றாகவே வருகின்றன. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

சிறுநீரகத்துக்காக அவள் குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு டம்ளர், அதற்கு மேல் கிடையாது. கடலுக்குப் போய் வந்த பிறகு அவள் அதில் பாதியைத்தான் குடிக்கிறாள். மீதியைத் தட்டுக்கு இடப்பக்கம், யாரும் உட்காராத பக்கமாகத் தள்ளி வைத்துவிடுகிறாள். சாப்பிட்டுக் கை கழுவ அவள் எழுந்து போனதும் நான் டம்ளரை எடுப்பேன். அதில் ஒரு சொட்டு இருப்பதில்லை. நீதானே குடித்தாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். இன்றுவரை நான் கேட்கவில்லை.