கருவாட்டை விட்ட பத்து வருஷம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. "ஆயா, உனக்கு இன்னா வைராக்கியம்" என்று பேத்திகள் மெச்சும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த வைராக்கியத்தால்தான் பத்து வருஷம் வீணாய்ப் போனது.

பிரெஞ்சுக்காரன் காலம். வில்லியனூர் மேரியில், அதுதான் அவர்களுடைய நகராட்சி ஆபீசில், என் கல்யாணத்தைப் பதிந்தபோது, குமாஸ்தா எல்லோர் காதிலும் விழும்படி படித்தார்: "பொண்ணுக்குக் கையெழுத்துத் தெரியாது." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கொரு மகள் பிறந்து அவள் கல்யாணம் பதியும்போது, அந்தப் பதிவுப் புத்தகத்தில் என் பெயரை நானே எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எழுதப் பழகும்வரை கருவாடு தொடமாட்டேன் என்று கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

கருவாட்டை விட்டேன். வீட்டுக்காரர் என் பெயரைப் பலகையில் எழுதித் தந்தார். நல்ல காரியத்தை நல்ல நாளில்தானே தொடங்க வேண்டும்? விஜயதசமிக்கு உட்காருவேன். முதல் எழுத்து வருவதற்குள் நடவு வந்துவிடும். சரி, அடுத்த விஜயதசமி என்று விட்டுவிடுவேன். ஊரோ என்னை நாக்கைக் கட்டியவள் என்று புகழ்ந்தது. புகழப் புகழ, எழுதவே பழகிவிட்டது போல எனக்கு நிறைவாக இருந்தது.

பத்தாம் வருஷம் நாத்தனார் வந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா அண்ணி, எழுத்தும் வர்ல, கருவாடும் தின்னல. அந்த மீனு உன்னை இன்னா பண்ணுச்சி?"

"வேண்டுதல்டி."

"நீ எழுதறன்னுதானே சாமிகிட்ட சொன்ன? மீன வுட்டுட்டு சும்மா கீற."

கோபத்தில் தட்டை இழுத்து, சோற்றில் அந்தக் குழம்பை ஊற்றித் தின்றேன். தின்று முடித்தபோது, பீற்றிக்கொள்ள என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. உலை வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை கரித்துண்டால் தரையில் எழுதினேன். உலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ள முடியுமா? அதனால் எழுத்தும் ஒரு நாளும் தவறவில்லை. ஆசையோடு எழுதிய நாள் கொஞ்சம், என்னையே திட்டிக்கொண்டு எழுதிய நாள்தான் அதிகம். அறுவடைக்கு முன் பெயர் முழுதாக வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அழுகையே வந்தது.

மகள் கல்யாணத்தில் குமாஸ்தா பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டு குனிந்தேன். சம்பந்தி இரண்டு தரம் இருமினார்.

"ஆச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருங்க, இன்னும் புள்ளி வைக்கல."

வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

வாடி பேத்தி, இங்கே. பெயரோடு நிற்காமல் நானே எழுதியது இது; சத்தமாகப் படி, கேட்கிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், நீயாகத் திருத்திப் படிக்காதே.