இழுவைக்கு ஒரு கியர் வண்டி

நான் இருக்கும் ஊரில் சனிக்கிழமைகளில் கார்கள் தனியாகப் போவதில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒன்று கொழுவியிருக்கும். படகு, குதிரைப் பெட்டி, வெட்டிய புல், பழைய சோபா, சில வேளை கட்டில் அடுப்போடு ஒரு முழு வீடு. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மூலையில் ஒரு கழிமுகத்துக் கரையில் இருக்கும் சிறு நகரம் இது. வந்த புதிதில் எல்லோரும் வீடு மாறுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் மாறினார்கள். மட்டக்களப்பில், எங்கள் தன்னாமுனை வீதியில், கார் ஒன்று எதையாவது இழுத்துப் போய் நான் கண்டதென்றால் அது பழுதான இன்னொரு காரைத்தான். மற்றபடி இழுப்பது உழவு மெசினின் வேலை.

ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாங்களும் ஒரு இழுவைப் பெட்டி வாங்கினோம். உள்ளே நின்று சமைத்து, பக்கத்து யன்னலைத் திறந்து விற்கக்கூடிய சாப்பாட்டுப் பெட்டி. நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறேன். அங்கே மிளகுத்தூளையே மேலதிகாரியிடம் கேட்டுத்தான் போட வேண்டும். சனிக்கிழமைச் சந்தையில் இடியப்பமும் கோழிக்கறியும் விற்க வேண்டும் என்பது என் ஆசை. என் கணவர் யோகன் பால் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு ஒன்றுவிட்ட சனிக்கிழமை காலையில் ஷிப்ட் இருக்கும். ஆகவே அந்த நாட்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு நான் தனியே போக வேண்டும் என்பது முதல் நாளே பேசி முடிவானது. எங்களிடம் இருந்த சின்னக் காருக்குப் பெட்டியைக் காட்டவே எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டி அதைவிடப் பெரியது.

புதுக் கார் என்றதும் யோகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கியர் வண்டியாக இருக்க வேண்டும்.

ஊரில் வாசிப்பவர்களுக்கு இதிலுள்ள சிக்கலைச் சொல்ல வேண்டும். இங்கே கிளச் உள்ள கார் அருகிவிட்டது. எல்லாம் ஓட்டோ, கியர் தானாக மாறுவது. போதாக்குறைக்கு என் லைசன்ஸும் ஓட்டோவுக்கு மட்டும்தான். கியர் வண்டியை நான் ஓட்ட வேண்டுமென்றால் மறுபடி ஓட்டிக் காட்டிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அதாவது நான் சந்தைக்குப் போவதற்காக, நான் ஓட்ட முடியாத வண்டி ஒன்றை நாங்கள் தேடத் தொடங்கினோம்.

கார் விற்கும் இடத்தில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையானவர். உங்கள் டிரெய்லர் பிரேக்டா என்று கேட்டார். அது என் காதில் புரோக்கன் என்று விழுந்தது. உடைந்ததை நாங்கள் ஏன் வாங்கப்போகிறோம், புதிது போலத்தான் இருக்கிறது என்றேன். அப்படியானால் பிரேக்ட் இல்லையா என்றார். இல்லவே இல்லை என்றேன் உறுதியாக. அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு பாரமுள்ள பெட்டியைப் பிரேக் இல்லாமல் இழுப்பது சட்டப்படி குற்றம் என்று மெல்ல விளக்கத் தொடங்கினார். பெட்டிக்குத் தனியாகப் பிரேக் உண்டு என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தோம். இருந்தது. யோகன் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கட ஊர்ப் பெட்டிகளுக்கு இது இல்லை என்று மட்டும் சொன்னார்.

யோகன் சித்தாண்டி. அவர்களுடையது வேளாண்மை செய்கிற குடும்பம். வயல்வட்டையிலிருந்து நெல்லு மூட்டைகளை மெசினில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவர ஒரு குளக்கட்டில் ஏறி இறங்க வேண்டும். பதினேழு வயதிலேயே அந்தக் கட்டில் மெசின் ஓட்டியவர். நாற்பது மூட்டையோடு பின்பக்கமாகவே வீட்டு வளவுக்குள் பெட்டியை விடுவார் என்று அவருடைய சொந்தக்காரர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னதில்லை.

இரண்டாம் தரம் போனபோது அந்த இளைஞர் ஒரு பிரசுரத்தைக் காட்டினார். அதே மாடலில் ஓட்டோதான் கூடுதல் பாரம் இழுக்கும், கியர் வண்டி குறைவாகத்தான் இழுக்கும் என்று அச்சிலேயே இருந்தது. யோகன் அதை முழுதாக வாசித்தார். வாசித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கியர் வண்டி எப்போது வரும் என்று கேட்டார். இளைஞர் சோரவில்லை. ஓட்டோவை ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள் என்று எங்களை நகரத்துக்கு மேலே உள்ள மலைப் பாதைக்குக் கூட்டிப்போனார். பாதி ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொன்னார். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள் என்றார். யோகன் எடுத்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. இளைஞர் புன்னகையோடு எங்களைப் பார்த்தார்.

"இப்ப இதை ஆர் பிடிச்சிருக்கிறது?" என்று யோகன் என்னிடம் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். கம்பியூட்டர் என்று இளைஞர் பெருமையாகச் சொன்னார். யோகன் கையால் இழுக்கும் பிரேக்கைத் தேடினார். அதுவும் ஒரு பட்டனாகத்தான் இருந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி ரோட்டோரமாக நின்றுகொண்டார். திரும்பி வரும்போது இளைஞரே ஓட்டினார். உங்கள் கணவருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார். சாப்பிடவில்லை என்று சொல்லிவைத்தேன்.

அன்று பின்னேரம் எங்களுக்குள் சண்டை. இது என்னுடைய வேலைக்கான வண்டி, எனக்கு ஓட்டத் தெரியாததை வாங்கி முற்றத்தில் வைத்துக் கும்பிடுவதா என்று கேட்டேன். ஓட்டோவிலும் சின்னக் கியரில் பிடித்து வைக்கலாம், திரும்பி வரும்போது அந்தப் பொடியன் காட்டினவன்தானே என்றேன்.

"நாம கேட்டா அது குடுக்கும். குடுக்காட்டி?" என்றார்.

சண்டை அத்தோடு முடிந்தது. ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும்.

கலியாணம் பேசியபோது, நான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், அவர் சைவம் என்று இரண்டு வீட்டிலும் இழுபறி நடந்துகொண்டிருந்த நாட்களில், யோகன் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் வந்து, உனக்கு ஒரு விஷயம் தெரிய வேணும், மறுகா யோசிச்சுச் சொல்லு என்றார். அவருடைய அண்ணன் தவம் மெசின் புரண்டு இறந்ததை ஊரே அறியும். பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான் ஊர்க்கதை. மெசினை ஓட்டியது யோகன். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் சில்லுக்கு மேலே இருக்கும் மட்காட்டில் உட்கார்ந்திருந்தார். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் யோகனும் செய்தார். குளக்கட்டின் உச்சியில் கியரை நியூட்டலில் விட்டுவிட்டார். பின்னாலிருந்த பெட்டி மூட்டைகளின் பாரத்தோடு மெசினைத் தள்ளத் தொடங்கியது. மறுபடி கியர் போடப் பார்த்தார், விழவில்லை. யோகன் ஒரு பக்கம் எறியப்பட்டார். அண்ணன் மறுபக்கம், கீழே.

"நான்தான் நியூட்டலில விட்டன்," என்றார். "பிரேக்கில பிழை இல்ல. அண்ணிக்கிட்ட சொல்லிட்டன். உன்னிட்டயும் சொல்றன்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. அவரைக் கட்டிக்கொள்வதாக அன்றுதான் முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு பதினாறு வருடமாக அந்தக் கதையை நாங்கள் பேசியதில்லை.

ஆகவே கியர் வண்டி தேடினோம். இரண்டு மாதம் பிடித்தது. கடைசியில் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், கிரஹாம் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் தன்னுடைய டீசல் வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஏழு பேர் இருக்கலாம், ஐந்து கியர், கதவெல்லாம் நாய் மயிர். இடது இடுப்பு தேய்ந்துபோய்க் கிளச் மிதிக்க முடியாததால் விற்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்தால் விற்கும் எண்ணம் இருக்கவில்லை. எங்களுக்கு முன் வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கியர்ப் பெட்டியைக் கெடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியதாம்.

எதை இழுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். அப்பத்துக்கு எங்கள் நாட்டு இங்கிலீஷ்ப் பெயரான ஹொப்பர் என்றேன், அப்பமும் போடுவோம் என்ற அர்த்தத்தில். இந்த நாட்டில் ஹொப்பர் என்றால் தானியம் கொட்டும் பெட்டி என்பது எனக்குத் தெரியாது. எந்தத் தானியம் என்றார். அரிசி மா என்றேன். எவ்வளவு என்றார். கிழமைக்குப் பத்துக் கிலோ என்றேன். பிறகு பேச்சை விட்டுவிட்டு, மாடு ஏற்றும் பெட்டியை வண்டியில் கொழுவி, அதைக் கொட்டகைக்குள் பின்பக்கமாக விடும்படி யோகனிடம் சைகையால் சொன்னார். கொட்டகை வாசலில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும்.

யோகன் ஏறினார். இருக்கையைச் சரிபண்ணவில்லை, கண்ணாடியையும் திருப்பவில்லை. யன்னலால் தலையை நீட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு தரம் சுழற்றி, பிறகு நிமிர்த்தி, ஒரே போக்கில் உள்ளே விட்டார். இஞ்சினை நிறுத்தி, முதலாம் கியரில் போட்டுவிட்டு இறங்கினார். கிரஹாம் விறுவிறென்று வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வண்டியின் பத்திரங்களோடும் மூன்று கோப்பைத் தேத்தண்ணியோடும் திரும்பி வந்தார்.

இனி என் முறை. யோகன் எனக்குக் கிளச் பழக்கினார். நாங்கள் இருவரும் பொறுமையான மனிதர்கள் என்ற எண்ணம் அத்தோடு போனது. வண்டி தவளை போலப் பாய்ந்து பாய்ந்து நிற்கும். பின்னால் இருந்து பிள்ளைகள் எண்ணுவார்கள். "காலை மெல்ல எடுங்க புள்ள" என்று தொடங்கும் அவருடைய குரல், சந்தி வருவதற்குள் மரியாதையை இழந்துவிடும். முதல் சோதனையில் பெயில். மேட்டில் நின்ற வண்டி பின்னால் உருண்டது. சோதித்த பெண்மணி கையிலிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார். அதைக் கேட்டு யோகன் கோபப்படவில்லை. அடுத்த நாள் முழுக்க மலைப் பாதையில் என்னை நிறுத்தி நிறுத்திக் கிளப்பச் சொன்னார். கிளச் கருகிய மணம் என் சட்டையிலும் இருந்தது. இரண்டாம் தரம் பாஸ்.

முதல் சந்தைக்கு யோகன் லீவு போட்டிருந்தார். ஆனால் நான்தான் ஓட்ட வேண்டும் என்றார். எங்கள் வீடு மலைக்கு மேலே, சந்தை கீழே கழிமுகத்தருகில். பின்னால் பெட்டி, அதற்குள் காஸ், தண்ணீர், இரண்டு பெரிய சட்டிக் கறி. இறக்கம் தொடங்கும் இடத்தில் நான் வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு வந்தேன். இஞ்சின் உறுமியது. பெட்டி பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவதை முதுகில் உணர்ந்தேன். வண்டி அந்தத் தள்ளலுக்கு இடம் கொடுக்கவில்லை. பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை, அது இந்த ஊர்ப் பழக்கம். நான் கியர்த்தண்டில் கை வைத்திருந்தேன். பாதி வழியில் யோகனின் கை என் கையின் மேல் வந்து அமர்ந்தது. அழுத்தவில்லை, தள்ளவுமில்லை. இறக்கம் முடிந்து தரை சமமாகும் வரை அப்படியே இருந்தது. அவர் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"மூண்டுக்கு மாத்தலாம்," என்றார் பிறகு.

சந்தையில் இடியப்பம் பத்தரைக்கே முடிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சித்தாண்டியிலிருந்து அண்ணி அழைத்தார். தவத்தின் மனைவி. யோகன் போனைத் திருப்பிப் பெட்டி, சந்தை, கழிமுகத்து வாத்துகள் எல்லாவற்றையும் காட்டினார். கடைசியாக வண்டியைக் காட்டினார். அண்ணி உள்ளேயும் காட்டச் சொன்னார். "கியர் வண்டியா தம்பி?" என்று கேட்டார். ஓம் அண்ணி என்றார் யோகன். "நல்லம்," என்றார் அண்ணி. பிறகு என்ன கறி, மாசிக் கருவாடு கிடைக்குமா, பிள்ளைகள் எங்கே என்று பேச்சு போனது.

இப்போது ஒரு வருடமாகிறது. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் நான் தனியேதான் இறங்குகிறேன். யோகன் வரும் நாட்களில், சந்தைத் திடலில் வண்டி நின்றதும், கழிமுகக் கரைக்குப் போய் ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து பின் சில்லுக்கு அடியில் வைப்பார். திடல் சோற்றுத் தட்டுப் போலச் சமமானது. ஒரு பந்தை வைத்தாலும் உருளாது. சந்தை முடிந்தால் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வருவோம். அடுத்த முறை போனால் கல் இருக்காது. திடலைத் துப்புரவாக்கும் மனிதர் அதை எடுத்து எறிந்திருப்பார். யோகன் மறுபடி கரைக்குப் போவார். இப்படியே பல மாதங்கள், இருவரும் ஒருவரையொருவர் காணாமலே, ஒருவர் வைக்கவும் ஒருவர் எறியவுமாக இருந்தார்கள்.

போன சனிக்கிழமை நான் தனியே போயிருந்தேன். கல் வைக்கிற பழக்கம் எனக்கில்லை. யன்னலைத் திறந்து சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது துப்புரவாக்கும் மனிதர் வந்தார். இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது உங்களுடையதுதானே, வேலியோரமாக எடுத்து வைத்திருந்தேன் என்றார். இல்லை, இது உங்கள் ஊர்க் கல், கரையிலிருந்து எடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து, சரியான சில்லைத் தேடி, அதற்கு அடியில் கல்லைச் செருகிக் காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். ஓம், எங்களுடையதுதான் என்றேன்.