மட்டி மேட்டுக்குப் பின்னால்

பேய் பிசாசென்று யாராவது கதைத்தால் எழும்பிப் போய்விடுகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

போன தவக்காலத்தில் என் கடைசித் தம்பியின் தோணியில் நானும் அவன் மனைவி திரேசாவும் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தீவில் மட்டி பொறுக்கப் போனோம். ஆள் குடியில்லாத தீவு. மட்டி ஓடும் மண்ணுமாகப் பெரிய மேடு ஒன்று உண்டு. ஆதிகாலத்துச் சனம் தின்று போட்டதாம், கை வைக்கக் கூடாதென்று அரசாங்கம் பலகை நட்டிருக்கிறது.

மட்டியைக் கரையிலேயே அவித்து, சதையை எடுத்துக்கொண்டு ஓட்டைக் கொட்டிவிட்டு வருவது எங்கள் வழக்கம், தோணிக்குப் பாரம் குறையும். அன்று திரேசா ஓடு நிறைந்த பனையோலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள்.

"எங்க கொண்டு போறாய்?"

"அவையின்ர குப்பையோட நம்மட குப்பையும் கிடக்கட்டும் மச்சாள். அவையும் மட்டி திண்ட சனம்தானே!"

சிரித்துக்கொண்டே மேட்டுக்குப் பின்னால் போனவள் வரவில்லை.

"அக்கா, காத்துத் திரும்புது. அவளைக் கூப்பிடுங்கோ, இனி நிண்டால் போக ஏலாது!" என்று தம்பி தோணியிலிருந்து கத்தினான்.

போய்க் கூப்பிட்டேன். "ஓம் மச்சாள், வாறன்" என்றாள். நம்பினால் நம்புங்கள், அந்தக் குரல் என் காலுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து வந்தது. மேட்டைச் சுற்றி ஓடினேன், வெறும் கடகம்தான் கிடந்தது. அவள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேனென்று அழுதுகொண்டே மறுபடி சுற்றி வந்தால், அதே கடகத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பச்சை மட்டியைக் கல்லால் உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

"எங்கயடி போனனீ?"

"இப்பதானே மச்சாள் வந்தனான்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தோணியில் ஏற்றினேன்.

அவளுக்கு ஒரு குறையுமில்லை. சமைக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து மீன் வெட்டுவது, சோறு தின்பது எல்லாம் இடக்கையால். கேட்டால் முழிக்கிறாள். தம்பியிடம் மெல்லக் கேட்டேன்.

"என்னக்கா இது, கலியாணம் முடிச்ச நாளில இருந்தே அவளுக்கு இடக்கைதானே?"

அவன் பொய் சொல்கிறவனில்லை. நானும் இத்தனை வருடம் அவளோடு ஒரே குசினியில் சமைத்தவள்.

பூசையில் என் பக்கத்தில்தான் முழங்காலில் நிற்கிறாள். அவள் சிலுவை போடக் கையைத் தூக்கும்போது, எந்தக் கையென்று பார்க்காமல் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.